ஊக்கம் வராத நாளில்

(நம் சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் வாழ்த்திப் பேசுவது மரபு. இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கத்தைத் தோளில் சுமந்தவர்களை வாழ்த்த எனக்கும் ஆவல் உண்டு. ஆனால் என்னை அழைக்க வந்த செயலாளர் அவர்கள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டார். "பள்ளி திறந்த புதிதில் நம் இரவுப் பாடசாலை நிறைந்துவிடுகிறது ஐயா. கார்த்திகை மழைக்குள் பலர் நின்றுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், மனம் வரவில்லை என்கிறார்கள். அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். ஆகவே வாழ்த்துரையைச் சுருக்கி, அந்த 'மனம் வரவில்லை' என்ற சொல்லைப் பற்றியே பேச வந்திருக்கின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நம் பிள்ளையைப் பார்த்து 'சோம்பேறி' என்று நாம் சொல்லலாகாது. அந்தச் சொல் நம்மீது வீசப்பட்ட பழைய கல். விடிவதற்கு நான்கு நாழிகைக்கு முன்பே எழுந்து, பிறர் வயலில் நாற்றுப் பறித்து, பிறர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பிய மக்களைத்தான் சோம்பேறிகள் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களோ திண்ணையில் அமர்ந்திருந்தார்கள். எனவே ஒழுங்கைப் பற்றி நான் பேசுவது கடிந்துரைப்பதற்கன்று. ஒழுங்கு நமக்குப் புதியதும் அன்று. நம் தாய்மார்கள் ஒருநாளேனும் 'மனம் வரவில்லை' என்று களை பிடுங்கப் போகாமல் இருந்தது உண்டா? ஆனால் அந்த ஒழுங்கு பிறருடைய கட்டளையால் வந்தது. அதன் பயனும் பிறர் களஞ்சியத்திற்கே சென்றது. பிறருக்காக எழுந்த அந்த நேரத்தில் நமக்காக எழுவது எப்படி என்பதுதான் இன்று நம்முன் உள்ள கேள்வி.

இது சிறிய கேள்வியன்று என்பதற்கு இம்மண்ணிலேயே சான்றிருக்கிறது. இன்று சிவகங்கை மாவட்டமாக உள்ள நம் பகுதி 1985ஆம் ஆண்டு வரை இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930ஆம் ஆண்டு டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். சட்டை அணியலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்புப் போடலாகாது, மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் புழங்கலாகாது என்ற வகையில் அவை அமைந்தன. 1931ஆம் ஆண்டு ஜூனில் அவை பதினொன்றாக வளர்ந்தன. நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கலாகாது என்பதும், அவர்கள் மிராசுதார்களின் மாடு மேய்க்க மட்டுமே வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் என்பார் சாதியைப் பற்றிய தம் நூலில் இவற்றைப் பதிந்து வைத்திருக்கின்றார்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். படிப்பு பயனற்றதாக இருந்தால் அதைத் தடுக்க யாரும் பட்டியல் போட்டிருக்க மாட்டார்கள். அன்று தடியோடு நின்று தடுத்தார்கள். இன்று அந்தத் தடியில்லாத ஒரு மாலை நேரத்தில், புத்தகம் திறந்திருக்க, நாமே எழுந்து போய்விடுகின்றோம் என்றால், அன்று அவர்களால் முடியாததை நாமே நமக்குச் செய்துகொள்கிறோம் என்றாகாதா?

இப்படிச் சொன்னவுடன் உங்களுக்கு ஊக்கம் பிறக்கும். இன்றிரவு நீங்கள் படிப்பீர்கள், நாளையும் படிக்கலாம். நாளை மறுநாள் இந்த உரை மறந்துவிடும். மேடைப் பேச்சால் பிறக்கும் ஊக்கத்தின் ஆயுள் அவ்வளவே. முப்பது ஆண்டுக்கு மேல் ஆசிரியராக இருந்தவன் இதை அறியாதவனல்லன். ஆகவே மூன்றாம் நாள் என்ன செய்வது என்பதையே நான் சொல்ல வேண்டும்.

இங்கு என் வாழ்விலிருந்து ஒன்றைக் கூறப் பொறுத்தருள வேண்டும். 1972ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் நான் கணக்கில் தவறினேன். எங்கள் குடியிருப்பில் அதுவரை அந்த வகுப்பை எட்டியவன் நான் ஒருவனே. ஆதலால் என் தோல்வி தெருவின் தோல்வியாயிற்று. "நமக்கெதுக்கு இந்த வேலை" என்று உறவினர் சொன்னதைக் கேட்டுப் புத்தகங்களைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டேன். என் தந்தையாருக்குக் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலை. நானும் அவரோடு மூட்டத்திற்குச் சென்றேன்.

கரிமூட்டம் பார்த்தவர்களுக்கு அதன் முறை தெரியும். வெட்டிய விறகை நெருக்கமாக அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, அதன்மேல் ஈரமண் பூசி, சிறு வாயில் நெருப்பு வைப்பார்கள். பிறகு இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும். மண் வெடித்துக் காற்றுப் புகுந்தால் உள்ளே நெருப்புக் கொழுந்துவிடும். விடிந்து பார்த்தால் சாம்பல்தான் கிடைக்கும். வெடிப்பைக் கண்டவுடன் மண்ணை அப்பி அடைத்துவிட்டால் நெருப்பு அடங்கி உள்ளுக்குள் நின்று எரியும், விறகு கரியாகும். ஒரே விறகுதான், நெருப்பும் ஒன்றுதான். கொழுந்துவிட்டால் சாம்பல், அடக்கி எரித்தால் காசு. தேர்வுக்கு முந்திய பத்து நாள் இரவெல்லாம் விழித்துப் படித்த என் படிப்பு கொழுந்துவிட்ட நெருப்பு என்பது அந்த மூட்டத்தருகே காவல் இருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

எனக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவர் ஒருநாள் மூட்டம் தேடி வந்தார். அறிவுரை சொல்லவில்லை, அழவும் வைக்கவில்லை. "செப்டம்பரில் மறுதேர்வு இருக்கிறது. தினம் ஐந்து கணக்குப் போடு. ஆறாவது கணக்கைப் போடாதே. ஐந்தைப் போட்டபின் எழுந்து போய்விடு" என்றார். அந்த ஆறாவதை அவர் தடுத்ததன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. உற்சாகம் மிகுந்த நாளில் முப்பது கணக்குப் போட்டவன், மறுநாள் முப்பதை நினைத்து மலைத்து ஒன்றும் போடமாட்டான். ஐந்து என்ற அளவு உற்சாகம் இல்லாத நாளுக்காக வைத்த அளவு. உடல் நோவும் மன நோவும் உள்ள நாளிலும் ஐந்து கணக்கைப் போட்டுவிடலாம்.

ஐந்து கணக்கு முடிந்ததும் கரித்துண்டால் குடிசைச் சுவரில் ஒரு கோடு போடுவேன். கரிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. என் தாயார் எழுத்தறியாதவர். ஆனால் கோடு எண்ண அறிவார். ஒருநாள் மூட்டத்தில் உடம்பெல்லாம் வெந்து வந்து படுத்துவிட்டேன். கஞ்சிச் சட்டியோடு வந்த அவர் சுவரைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, இன்னைக்குக் கோடு போடலையே?" என்று மட்டும் கேட்டார். எழுந்தேன். அன்று அந்த ஐந்து கணக்குகளையும் எந்த ஊக்கமும் இல்லாமல்தான் போட்டேன். நான்காவது கணக்கில் மனம் தானாக வந்து அமர்ந்ததை உணர்ந்தேன். ஊக்கம் வந்தபின் வேலையைத் தொடங்குவோம் என்று காத்திருந்தவனுக்கு, வேலையைத் தொடங்கியபின் ஊக்கம் வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. சில நாள் அது வராமலும் போயிற்று. ஆயினும் கோடு விழுந்தது. செப்டம்பர்த் தேர்வில் தேறினேன்.

இது என் போன்ற எளியவனின் கதை. பெரியவர்களின் வாழ்விலும் இதுவே நடந்திருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோயம்புத்தூரில் படித்தபோது அங்கிருந்த சுமார் 400 மாணவர்களுள் ஏறத்தாழப் பத்துப் பேர் தவிர மற்றையோர் பிராமணர்கள் என்று தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கின்றார். தம் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படிப்பார். மணி அடித்தபின் உள்ளே போவார். விட்டதும் பிறர் கூடிக்கொள்ளாதபடி விரைந்து வீடு சேர்வார். கூடி விளையாடவும் முடியாத அந்தத் தனிமையில் ஒரு சிறுவனுக்கு என்ன ஊக்கம் இருந்திருக்கும்? இருந்தும் மறுநாள் மணி அடித்தபோது அவர் அங்கு இருந்தார். அந்தச் சிறுவர்தாம் 1893ஆம் ஆண்டு 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1930ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் நம் பிரதிநிதியாக அமர்ந்தார்.

அண்ணலின் கல்வியைப் பற்றி நீங்கள் பல மேடைகளில் கேட்டிருப்பீர்கள். பட்டங்களைப் பட்டியலிடுவோர் பலர். அந்தப் பட்டங்கள் எப்படி வந்தன என்பதை நாம் பார்க்க வேண்டும். பம்பாய் பரேல் பகுதியில் ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. சமையலும் அங்கே, உறக்கமும் அங்கே. பிள்ளை படிக்க இடமில்லை. ஆதலால் தந்தையார் ராம்ஜி சக்பால், பிள்ளையை முன்னிரவில் உறங்கச் செய்துவிட்டு, தாம் இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பார். இரண்டு மணிக்குப் பிள்ளையை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டுத் தாம் படுப்பார். 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேறிய மாணவனின் ஒழுங்குக்கு முதற்காவலாக இருந்தவர் அந்தத் தந்தையே. பெற்றோர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுயக்கட்டுப்பாடு என்பது தனியே ஒரு பிள்ளையின் நெஞ்சில் முளைப்பதன்று. யாரோ ஒருவர் முதலில் விழித்திருக்க, அந்த விழிப்பு பிறகு பிள்ளையினுடையதாகிறது.

அந்தப் பிள்ளை 1920ஆம் ஆண்டு, ஆசிரியப் பணியில் சேமித்த பணமும் கடனும் கொண்டு மீண்டும் இலண்டன் சென்றார். காலையில் அருங்காட்சியக நூலகத்திற்குச் செல்பவர் மாலை மூடும் வரை அங்கிருந்து எழ மாட்டார். நண்பகல் உணவுக்குப் பணமில்லை. இரவு அரைப்பட்டினியோடு அறைக்கு வந்து மீண்டும் படிப்பார். இத்தனை உழைப்பில் விளைந்த ஆராய்ச்சிக் கட்டுரைதான் ரூபாயின் சிக்கலைப் பற்றியது. 1923ஆம் ஆண்டு, ஆங்கிலேய ஆட்சியின் கொள்கையைக் கடுமையாகச் சாடியிருந்த அக்கட்டுரை திருத்தி எழுதுமாறு திருப்பப்பட்டது. கையில் பணமுமில்லை. வேறொருவராயின் உள்ளம் உடைந்திருப்பார். அண்ணல் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி எழுதி அனுப்பினார். அதே ஆண்டின் இறுதியில் டி.எஸ்சி. பட்டம் வந்தது. திருப்பப்பட்ட கட்டுரையை மறுபடி விரித்து வைத்து அமர்ந்த அந்த முதல் நாளை எண்ணிப் பாருங்கள். அன்று அவரை மேசையில் அமர்த்தியது மகிழ்ச்சியாக இருந்திருக்க முடியாது. பல்லாண்டு பழகிய பழக்கமே அவரை அமர்த்தியிருக்கும்.

வள்ளுவப் பெருந்தகையும் ஊக்கமுடைமை என்ற அதிகாரத்தோடு நிற்கவில்லை. அதனை அடுத்து மடியின்மை, பின் ஆள்வினையுடைமை, அதன்பின் இடுக்கணழியாமை என்று வரிசைப்படுத்தினார். உள்ளம் எழுவது முதற்படி. மடியை நீக்கி, முயற்சியை நிலைநிறுத்தி, துன்பம் வந்தபோதும் சிதையாமல் நின்றால்தான் அந்த எழுச்சி பயன் தரும். முதற்படியிலேயே நின்றுகொண்டு மாடி எங்கே என்று தேடுபவர்களாக நாம் இருத்தலாகாது.

இனி, மாணவர்களுக்கு நடைமுறையில் சில சொல்கின்றேன்.

முதலாவது, நேரமும் இடமும் குறித்துவிடுங்கள். 'இன்று படிப்பேன்' என்பது தீர்மானமாகாது. 'ஏழு மணிக்கு, சங்கக் கட்டடத்தின் கிழக்குச் சன்னலருகே, அறிவியல் புத்தகத்தோடு அமர்வேன்' என்பதே தீர்மானம். படிக்கலாமா வேண்டாமா என்று நாள்தோறும் மனத்தோடு வழக்காடினால் மனமே வெல்லும். அது நல்ல வக்கீல். வழக்கு நடைபெறாதபடி முன்கூட்டியே தீர்ப்பெழுதி வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, அளவைச் சிறிதாக வையுங்கள். உங்களின் மிக மோசமான நாளில் எவ்வளவு முடியுமோ அதுவே அன்றாட அளவு. இரண்டு பக்கமாயினும் சரி, ஐந்து கணக்காயினும் சரி.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியும்படி கணக்கு வையுங்கள். சுவரில் கோடு போடலாம். நாட்காட்டியில் புள்ளி வைக்கலாம். வீட்டில் உள்ளவர் பார்க்கும் இடத்தில் அது இருக்கட்டும்.

நான்காவது, இடையூற்றைக் கையெட்டாத தூரத்தில் வையுங்கள். எங்கள் காலத்தில் டூரிங் டாக்கீஸ் பாட்டுச் சத்தம் இடையூறு. கொட்டகைக்கு நடந்து போகவாவது வேண்டும். இன்று கைப்பேசி சட்டைப் பையிலேயே கொட்டகையைக் கொண்டு வந்துவிட்டது. அதை அணைத்துப் பக்கத்தில் வைத்தால் போதாது. படித்து முடியும் வரை அன்னையிடம் கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாவதே மிக இன்றியமையாதது. தவறிய நாளுக்காக உங்களையே வெறுக்காதீர்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு, ஒரு செயல் பழக்கமாவதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று ஆராய்ந்தார்கள். 2010ஆம் ஆண்டு அச்சில் வந்த அந்த ஆய்வின்படி சராசரி 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். என் சுவரிலும் இடைவெளிகள் இருந்தன. மூட்டத்தில் மண் வெடிப்பது இயல்பு; வெடித்தால் உட்கார்ந்து அழுவதில்லை, மண்ணை அப்புகிறோம். ஒருநாள் தவறினால் மறுநாள் அமர்ந்துவிடுங்கள். நம்மில் பலரைப் படிப்பிலிருந்து நீக்கியது தவறிய அந்த முதல் நாளன்று. 'தவறிவிட்டோமே, இனி எதற்கு' என்று விட்ட இரண்டாம் நாளும் மூன்றாம் நாளுமே.

மாணவர்களிடம் இவ்வளவு கேட்டுவிட்டுப் பெரியவர்களிடம் ஒன்றும் கேளாமல் போனால் அது நேர்மையாகாது. பிள்ளைக்கு ஒழுங்கில்லை என்று சொல்லும் முன், அவன் அமர்ந்து படிக்க ஓரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெண்பிள்ளை தண்ணீர் எடுத்து, பாத்திரம் துலக்கி, தம்பியைத் தூக்கி வைத்திருந்து, ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் தொடும்போது கண் மூடினால், அதை மனம் வராமை என்று கூறலாமா? அவளுடைய ஏழு மணியை அவளுக்கு விட்டுக்கொடுங்கள். வீட்டு வேலையில் பாதியை அண்ணனும் தம்பியும் செய்யட்டும்.

ஒழுங்கு உரிமைக்கு ஈடாகாது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். பட்டியலினத்து மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944ஆம் ஆண்டு, அண்ணல் வைசிராயின் நிருவாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கியது. அது நமக்கு யாரும் இட்ட பிச்சையன்று. அத்தொகை காலத்தில் வரவில்லை என்றாலும், விடுதியில் விளக்கும் நீரும் சரியில்லை என்றாலும், மனு எழுதிக் கேட்க வேண்டியது சங்கத்தின் கடமை. பிள்ளை தன் ஐந்து கணக்கைப் போடட்டும். பெரியவர்கள் தங்கள் மனுவைப் போடட்டும். இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒருநாள் வரவில்லையென்றால் மறுநாளே ஒருவர் அவன் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். அறிவுரை வேண்டாம், கண்டிப்பும் வேண்டாம். 'நேற்று உன்னைக் காணோமே' என்ற ஒரு வார்த்தை போதும். என் தாயார் அந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டார். பெற்றவர் இருவரும் வெளியூர் வேலைக்குச் சென்றிருக்கும் வீடுகள் நம் தெருக்களில் உண்டு. அந்தப் பிள்ளைகளின் சுவரை யார் பார்ப்பது? இச்சங்கம் பார்க்கட்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தச் சங்கம் நின்றதும் அப்படித்தானே? தொடக்க நாளின் மாலையும் மேளமும் அதை நிற்க வைக்கவில்லை. விளக்குக்கு எண்ணெயும், பிறகு மின்கட்டணமும் யார் கட்டுவது என்று தெரியாத மாதங்களிலும், இரண்டே பிள்ளைகள் வந்த மழை நாட்களிலும், ஒருவர் வந்து கதவைத் திறந்தார். அவருக்கும் அன்று மனம் வந்திராது. ஆனால் கதவு திறந்திருந்தது.

அடைமழைக் காலம் ஆண்டுதோறும் வரும். கண்மாய் நிரம்பும், தெரு சேறாகும், பாடசாலைக்கு வர மனம் வராது. அந்த நாளைத்தான் நான் உங்களிடம் கேட்கின்றேன், செல்வங்களே. வெயில் காய்ந்து உள்ளம் துள்ளும் நாட்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மனம் வராத அந்த ஒரு மாலையில் வந்து அமர்ந்து, ஐந்து கணக்கைப் போட்டு, ஒரு கோடு இழுத்துவிட்டுப் போங்கள். பொன்விழாவில் இதே மேடையில் நின்று பேசப் போகிறவர் உங்களுள் ஒருவராக இருப்பார். அவருக்கு இப்போதே என் வாழ்த்தைத் தெரிவித்து அமைகின்றேன்.